கரண்ட் வைத்த தாடையில் புது எலும்பு வளருமா?



வாய்ப் புற்றுநோயைப் பற்றி நம் கூட்டங்களில் பல தடவை பேசியிருக்கிறோம். வெற்றிலை பாக்கோடு புகையிலை போடுவது, வாயில் ஆறாத புண், உடனே பரிசோதனை, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் நோய்க்கு வைத்தியம் முடிந்து, "உங்களுக்குச் சரியாயிடுச்சும்மா, வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பிய பிறகு வருகிற ஒரு தொல்லையைப் பற்றி நாம் பேசியதே இல்லை. இப்போது பேச வேண்டிய அவசியம் வந்திருக்கிறது. பஞ்சாயத்து அளவிலான கூட்டமைப்புக் கூட்டங்களுக்குப் போகும்போது என்னிடம் இரண்டு கேள்விகள் வருகின்றன.

ஒன்று: "எங்க மாமியாருக்குத் தாடையில கரண்ட் வச்சு நாலு வருசமாச்சு. இப்ப கடவாய்ப் பல்லு ஆடுது. புடுங்கிரலாமா?"

இன்னொன்று: "தாடை எலும்பு செத்துப் போச்சுன்னு சொல்றாங்க. ஆக்சிஜன் பெட்டிக்குள்ள வச்சா புது எலும்பு வளரும்னு ஒரு இடத்துல பெரிய தொகை கேக்குறாங்க. குழுவுல கடன் தருவீங்களா?"

இரண்டும் ஒரே விஷயத்தின் இரண்டு முனைகள். முதல் கேள்விக்கு நேரத்தோடு சரியான பதில் கிடைத்தால் இரண்டாவது கேள்வி பெரும்பாலும் வராது. நான் டாக்டர் இல்லை, சமூகப்பணி படித்தவள். மருத்துவ ஆராய்ச்சிகளில் உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் நமக்குப் புரிகிற மாதிரி எழுதியிருக்கிறேன். ஒரே மூச்சில் படிக்க முடியாவிட்டால் இரண்டு கூட்டமாகப் பிரித்து வாசியுங்கள்.

எலும்பு கல் இல்லை, உயிருள்ளது

எலும்பு என்றால் நமக்குக் கல், கட்டை மாதிரி ஒரு நினைப்பு. பிள்ளை மரத்திலிருந்து விழுந்து கை ஒடிகிறது. மாவுக்கட்டுப் போடுகிறார்கள். ஆறு வாரத்தில் ஒட்டிக்கொள்கிறது. கட்டையாக இருந்தால் தானாக ஒட்டுமா? எலும்புக்குள்ளே ரத்தம் ஓடுகிறது. பழைய எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து எடுக்கிற செல்கள் ஒரு பக்கம், அந்த இடத்தில் புதிதாகக் கட்டுகிற செல்கள் இன்னொரு பக்கம். நாம் தூங்கும்போதுகூட இந்த வேலை நடக்கிறது. பழைய சுவரை இடிக்கிற ஆளும் புதுச் சுவர் வைக்கிற கொத்தனாரும் ஒரே வீட்டில் வேலை செய்வது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொத்தனாருக்குச் செங்கல், சிமெண்ட், தண்ணீர், சாப்பாடு எல்லாம் எந்த வழியாக வரும்? ரத்தக் குழாய் வழியாகத்தான். அந்த வழி அடைந்தால் வேலை நின்றுபோகும்.

கரண்ட் என்ன செய்கிறது?

நாம் "கரண்ட் வைக்கிறது" என்று சொல்கிறோமே தவிர அது மின்சாரம் இல்லை. கதிர்வீச்சு. எக்ஸ்ரே படம் எடுக்கிற அதே வகைக் கதிர், ஆனால் பல மடங்கு வீரியமானது. வாய், தொண்டைப் புற்றுநோய்க்குப் பொதுவாக வாரத்துக்கு 5 நாள் வீதம் 6, 7 வாரம், மொத்தம் 30 முதல் 35 தடவை வைப்பார்கள். வைக்கும்போது வலிக்காது. ஷாக் அடிக்காது. வைத்துக்கொண்ட அம்மாவைத் தொட்டால் நமக்கு எதுவும் ஆகாது. பக்கத்தில் படுக்கலாம், பேரக்குழந்தையைக் கையில் கொடுக்கலாம். தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கி வைக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அது ரொம்பத் தப்பு.

இந்தக் கதிர் புற்றுநோய்ச் செல்லைக் கொல்கிறது. அதனால்தான் எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள். ஆகவே இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு யாரும் "கரண்ட்டே வேண்டாம்" என்று பயந்துவிடக் கூடாது. நோயை விட்டால் உயிரே போகும். கரண்ட் வைத்தவர்களில் நான் சொல்லப்போகிற தொல்லை வருவது ஒரு சிறு பகுதியினருக்குத்தான். ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. எல்லாரும் கவனமாக இருந்துதான் ஆக வேண்டும்.

என்ன நடக்கிறது என்றால், கதிர் போகிற பாதையில் உள்ள நல்ல தசை, தோல், எலும்பு ஆகியவையும் அடி வாங்குகின்றன. தோல் கறுப்பதும் வாய் வெந்து போவதும் சில வாரங்களில் ஆறிவிடும். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. எலும்புக்குள் ஓடுகிற நுண்ணிய ரத்தக் குழாய்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மெல்லச் சுருங்கி அடைகின்றன. எலும்பு கட்டுகிற செல்கள் குறைகின்றன. மென்மையான தசை தழும்பு மாதிரி இறுகிப் போகிறது. வரத்துக் கால்வாய் தூர்ந்துபோன கண்மாய்க்குக் கீழே இருக்கும் வயலை நினைத்துப் பாருங்கள். வயல் அங்கேயேதான் இருக்கிறது, வரப்பும் இருக்கிறது. தண்ணீர்தான் வரவில்லை. பார்வைக்கு நல்லாத் தெரியும், நாற்று நட்டால்தான் பவிசு வெளியே வரும்.

மேல்தாடையைவிடக் கீழ்த்தாடைக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். மேல்தாடைக்கு ரத்தம் பல பக்கமிருந்து வருகிறது. கீழ்த்தாடை கெட்டியான எலும்பு, அதற்குள்ளே போவது முக்கியமாக ஒரே ஒரு குழாய்தான்.

பல்லைப் பிடுங்கிய குழி

கரண்ட் வைத்த எலும்பு சும்மா இருக்கிற வரைக்கும் இருக்கிற ரத்தத்தை வைத்துக் காலத்தை ஓட்டிவிடும். அதில் ஒரு காயம் பட்டால்தான் சிக்கல். காயம் ஆற நிறைய ரத்தம் வேண்டும், நிறையச் செல் வேண்டும். இரண்டும் அங்கே இல்லை. காயம் எப்படி வரும்? பெரும்பாலும் பல் பிடுங்குவதால். பல் பிடுங்கினால் எலும்பில் ஒரு குழி விழுகிறது. நமக்கு என்றால் சில வாரத்தில் தசை மூடி, சில மாதத்தில் உள்ளே எலும்பு நிரம்பிவிடும். அங்கே அந்தக் குழி மூடாமலே கிடக்கும். உமிழ்நீர் படும், சோற்றுப் பருக்கை போகும், கிருமி சேரும். ஓரத்து எலும்பு செத்து, அது மெல்லப் பரவும்.

நம் பகுதியில் ஒரு குழு அக்காவுக்கு இப்படித்தான் ஆனது. கன்னத்தில் வந்த புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கரண்டும் முடிந்து நல்லபடியாக இருந்தார். பக்கத்து ஊர் வாரச்சந்தைக்குப் போன இடத்தில், பல்வலி தாங்காமல் அங்கேயே ஒரு கிளினிக்கில் பல்லை எடுத்துக்கொண்டார். அங்கே "வேறு ஏதாவது வைத்தியம் பார்த்தீங்களா" என்று கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. கரண்ட் வைத்துப் பல வருடம் ஆனபிறகு அதற்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் நினைத்ததில் தப்பே இல்லை. யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லையே! ஆறு மாதம் கழித்துத் தாடைக்கு வெளியே தோலில் ஓட்டை விழுந்து சீழ் வந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்.

இந்த நோய் பெரும்பாலும் முதல் மூன்று வருடத்துக்குள் வருகிறது. ஆனால் பத்து, இருபது வருடம் கழித்தும் வரலாம். "ரொம்ப நாளாச்சு, இனிமே ஒண்ணும் ஆகாது" என்ற கணக்கு இங்கே செல்லாது.

அதனால் தாடைப் பகுதிக்குக் கரண்ட் வைக்கப் போகிற எல்லாரும், வைப்பதற்கு முன்னால் பல் டாக்டரிடம் வாயைக் காட்ட வேண்டும். காப்பாற்ற முடியாத சொத்தைப் பல், வேர்ப்பல், ஆடுகிற பல் இருந்தால் அப்போதே எடுத்துவிட வேண்டும். காயம் ஆற இரண்டு, மூன்று வாரம் கொடுத்து அப்புறம் கரண்ட் ஆரம்பிப்பார்கள். "ஏற்கெனவே புற்றுநோய், இதுல பல்லையும் புடுங்கணுமா?" என்று வீட்டில் சத்தம் போடுவார்கள். போடட்டும். அந்த ஒரு நாள் வலி பிற்பாடு ஒரு தாடையைக் காப்பாற்றும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது, பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பல் டாக்டர் இருக்கிறார்.

கரண்ட் முடிந்தவர்கள் பல்லைச் சொத்தையாகாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். கரண்ட்டால் உமிழ்நீர் குறைந்துவிடும். வாய் காய்ந்தால் பல் சீக்கிரம் சொத்தையாகும். மிருதுவான பிரஷ், ஃபுளோரைடு கலந்த பேஸ்ட், சாப்பிட்ட ஒவ்வொரு தடவையும் வாய் கொப்பளிப்பது, அடிக்கடி ஒரு வாய் தண்ணீர், இவை போதும். சாம்பல், செங்கல் பொடி, உப்பு வைத்துப் பரபரவென்று தேய்ப்பது கூடாது. புகையிலை கூடவே கூடாது என்று சொல்லத் தேவையில்லை. "புகையிலை இல்லாம வெறும் பாக்குதானே" என்று சமாதானம் சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல்: பாக்கு மட்டும் தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004ல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லிவிட்டது.

பல் வலித்தால்? எடுக்காமல் சமாளிக்க வழி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். வேர் சிகிச்சை செய்து பல்லை அப்படியே விட்டுவிடலாம். எடுத்தே தீர வேண்டும் என்றால் கரண்ட் வைத்த டாக்டரைக் கலந்துகொண்டு, பல் மருத்துவக் கல்லூரி மாதிரி இடத்தில் எடுப்பதுதான் நல்லது. ஆன்டிபயாடிக் கொடுத்து, பக்குவமாக எடுத்து, ஆறும் வரைக்கும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள்.

நாக்கில் சொரசொரவென்று எலும்பு தட்டுப்படுகிறது, வாயில் நாற்றம், தாடையிலிருந்து சீழ், கீழ் உதடு மரத்துப் போகிறது, வாய் திறப்பது நாளுக்கு நாள் குறைகிறது. இதில் எது வந்தாலும் தள்ளிப் போடாதீர்கள். எலும்பு சாவதாலும் இது வரலாம், பழைய புற்றுநோய் திரும்பி வந்தாலும் இதே அறிகுறிதான் வரும். இரண்டில் எது என்று சதை எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். வெளியே பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

சரி, செத்த எலும்பு திரும்ப வளருமா?

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். இது கொஞ்சம் நீளமான கதை. டாக்டர்களுக்குள்ளேயே நாற்பது வருடமாக விவாதம் நடக்கிறது.

முதலில் இதை வெறும் கிருமித் தொற்று என்று நினைத்து ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 1983ல் ராபர்ட் மார்க்ஸ் என்ற அமெரிக்கத் தாடை அறுவை மருத்துவர், இதற்கு மூல காரணம் கிருமி இல்லை, ரத்தக் குழாய் குறைவு, செல் குறைவு, ஆக்சிஜன் குறைவு ஆகிய மூன்றும்தான் என்று எழுதினார். அப்படியானால் ஆக்சிஜனைக் கூடுதலாகக் கொடுத்தால் புதுக் குழாய் முளைக்காதா? ஆழ்கடலில் மூழ்குகிறவர்களுக்கு வைத்தியம் செய்ய ஒரு இரும்பு அறை இருக்கிறது. அதற்குள்ளே ஆளை வைத்து அழுத்தத்தைக் கூட்டி, சுத்தமான ஆக்சிஜனை மூச்சாக இழுக்க வைப்பார்கள். ஒரு தடவைக்கு ஒன்றரை மணி நேரம். பல் எடுப்பதற்கு முன்னால் 20 தடவை, எடுத்த பிறகு 10 தடவை. 1985ல் அவர் வெளியிட்ட ஆய்வில், கரண்ட் வைத்த தாடையில் பல் எடுத்த 74 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். பென்சிலின் மட்டும் கொடுத்த 37 பேரில் 11 பேருக்கு எலும்பு செத்தது. ஆக்சிஜன் அறையில் வைத்த 37 பேரில் 2 பேருக்குத்தான். பெரிய வித்தியாசம் இல்லையா? அன்றிலிருந்து உலகம் முழுக்க அந்த அறைக்கு மவுசு வந்தது.

ஆனால் பிற்பாடு மற்றவர்கள் சோதித்தபோது அப்படி வரவில்லை. 2004ல் பிரான்சில், எலும்பு சாக ஆரம்பித்த 68 பேரிடம் செய்த ஆய்வில் ஆக்சிஜன் அறைக்குள் போனவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் குணமாகவில்லை. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2019ல் பிரிட்டன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியம். கரண்ட் வைத்த கீழ்த்தாடையில் பல் எடுக்க வேண்டியவர்கள், செயற்கைப் பல் வேர் பொருத்த வேண்டியவர்கள் என 144 பேர் இதில் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் ஆன்டிபயாடிக், கிருமிநாசினி வாய்க்கழுவி கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு மட்டும் கூடவே ஆக்சிஜன் அறை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவிலும் நூற்றுக்கு ஏறக்குறைய 6 பேருக்குத்தான் எலும்பு செத்திருந்தது. அறைக்குள் போனதால் லாபமும் இல்லை, போகாததால் நஷ்டமும் இல்லை.

இதில் நமக்கு இரண்டு செய்தி இருக்கிறது. பக்குவமாகப் பல் எடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நல்லபடியாக ஆறிவிடுகிறது. அதேநேரம், பல் எடுக்கும் முன் தடுப்பாக ஆக்சிஜன் அறை என்று யாராவது பெரிய தொகை கேட்டால், அதற்காக நகையை அடகு வைக்க வேண்டியதில்லை. சில சிக்கலான நோயாளிகளுக்கு ஆபரேஷனோடு சேர்த்து இதைக் கொடுக்கிற டாக்டர்கள் இன்றும் உண்டு. அது அவர்கள் முடிவு. ஆனால் "பெட்டிக்குள் படுத்தால் எலும்பு வளர்ந்துவிடும்" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

மாத்திரை உண்டா என்றும் கேட்கிறார்கள். ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிற பென்டாக்சிஃபிலின் மாத்திரையையும் வைட்டமின் ஈ மாத்திரையையும் சேர்த்து மாதக்கணக்கில் கொடுக்கிறார்கள். பாரிஸில் இருந்த மருத்துவர் சில்வி டெலானியன் குழுவினர் இதை முன்னெடுத்தார்கள். இறுகிப்போன தழும்புத் தசை இளகினால் எலும்பும் ஆறும் என்பது அவர்கள் எண்ணம். ஆரம்ப நிலையில் பலருக்குக் குணம் தெரிந்திருக்கிறது. ஆனால் ஒரு பிரிவுக்குக் கொடுத்து ஒரு பிரிவுக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்த்த பெரிய ஆய்வுகள் போதுமான அளவு இல்லை. சிலருக்கு ரத்தக் கசிவு, தலைச்சுற்றல் வரலாம். மெடிக்கலில் நாமாக வாங்கிப் போடுகிற மாத்திரை இல்லை இது.

வேரோடும் மண்ணோடும் எடுத்து நடுவது

எலும்பு நிறையச் செத்து, தாடையே ஒடிகிற நிலைக்குப் போய்விட்டால் மாத்திரையில் தீராது. செத்த துண்டை அறுத்து எடுத்துவிட்டு அங்கே வேறு எலும்பு வைக்க வேண்டும். இங்கேதான் ஒரு அருமையான விஷயம் இருக்கிறது.

இடுப்பிலிருந்து ஒரு துண்டு எலும்பை வெட்டி அப்படியே வைத்தால் என்ன ஆகும்? நல்ல இடமாக இருந்தால் சுற்றியுள்ள தசையிலிருந்து ரத்தம் புகுந்து அதைப் பிழைக்க வைக்கும். கரண்ட் வைத்த இடத்தில் ரத்தமே இல்லையே, எங்கிருந்து புகும்? வைத்த துண்டும் பெரும்பாலும் கெட்டுவிடும். தண்ணீர் இல்லாத வயலில் வெறும் வேராகப் பிடுங்கி நட்ட கன்று மாதிரி.

தென்னங்கன்றை இடம் மாற்றும்போது நாம் என்ன செய்வோம்? வேரோடும் மண்ணோடும் தோண்டி எடுத்து, நட்ட இடத்துக்குத் தண்ணீரையும் திருப்பி விடுவோம். டாக்டர்களும் அதையேதான் செய்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பு இருக்கிறது. முன்னால் தடவினால் தெரிகிற தடித்த எலும்புதான் உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. வெளிப்பக்கம் இருப்பது மெல்லியது, ஃபிபுலா என்று பெயர். அது தாங்குகிற பாரம் ரொம்பக் குறைவு. முழங்கால் பக்கமும் கணுக்கால் பக்கமும் சில அங்குலம் விட்டுவிட்டு நடுப்பகுதியை எடுத்துக்கொள்ளலாம், நடக்க முடியும். அந்த எலும்பை அதன் ரத்தக் குழாயோடும், வேண்டுமானால் மேலே உள்ள ஒரு துண்டுத் தோலோடும் சேர்த்து எடுக்கிறார்கள். தாடையின் வளைவுக்கு ஏற்றபடி இரண்டு மூன்று இடத்தில் வெட்டி மடக்கி, உலோகத் தகடும் ஸ்க்ரூவும் போட்டுப் பொருத்துகிறார்கள். பிறகு அந்தக் குழாயைக் கழுத்தில் ஓடுகிற குழாயோடு தைக்கிறார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே, தலைமுடியைவிட மெல்லிய நூலால் போடுகிற தையல் அது. தைத்து முடித்துக் குழாயைத் திறந்துவிட்டால் புது எலும்புக்குள் ரத்தம் பாய்கிறது.

ஃபிபுலாவை இப்படிக் குழாயோடு எடுத்து வேறு இடத்தில் வைக்கலாம் என்று 1975ல் எழுதியவர் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்து டாக்டர் இயன் டெய்லர். அவர் செய்தது கால் எலும்புக்கு. தாடைக்கு அதைப் பயன்படுத்தி 1989ல் வெளியிட்டவர் நியூயார்க் டாக்டர் டேவிட் ஹிடால்கோ. இன்று நம் நாட்டில் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் இது வழக்கமாகச் செய்கிற ஆபரேஷன். தைரியமாகக் கேட்கலாம்.

அறுக்கும்போது ஒரு கணக்கு உண்டு. வெட்டு முனையில் ரத்தம் கசிகிற வரைக்கும் அறுத்துக்கொண்டே போவார்கள். ரத்தம் கசிந்தால் அங்கே உயிர் இருக்கிறது என்று அர்த்தம். உயிருள்ள பழைய எலும்பும் உயிருள்ள புது எலும்பும் முட்டிக்கொண்டு நின்றால், ஒடிந்த கை ஒட்டுகிற மாதிரியே நடுவில் புது எலும்பு வளர்ந்து ஒட்டும். சில மாதங்கள் ஆகும். ஆக, தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: கரண்ட் வைத்த இடத்தில் எலும்பு தானாக வளருவது கஷ்டம், ரத்தத்தைக் கூடவே கொண்டுபோனால் வளரும்.

இது சின்ன ஆபரேஷன் இல்லை. பத்து மணி நேரம்கூட ஆகலாம். முதல் இரண்டு மூன்று நாள், குழாய் அடைபடாமல் இருக்கிறதா என்று நர்ஸ் மணிக்கொரு தடவை வந்து பார்ப்பார்கள். கொஞ்ச நாள் மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. காலில் தழும்பு, கணுக்காலில் கொஞ்சம் இறுக்கம், பெருவிரலை மடக்குவதில் பலவீனம் இருக்கலாம். டாக்டர் சொல்கிற வரை நடவு, சுமை தூக்குவது எல்லாம் கூடாது. வீட்டு வேலையை யார் பார்ப்பது என்று முதலிலேயே பேசி வையுங்கள். ஆபரேஷன் ஆகி வந்த பத்தாவது நாள் அடுப்படிக்கு வந்துவிடுகிற நம் பெண்களைப் பற்றி எனக்குத் தெரியும். சிலருக்குப் புண் ஆறத் தாமதமாகும், மிகச் சிலருக்கு வைத்த எலும்பு பிழைக்காமலும் போகலாம். புகைக்கிறவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல்.

எலும்பை முளைக்க வைக்கிற மருந்து

1965ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் மார்ஷல் யூரிஸ்ட் என்ற டாக்டர், எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தை நீக்கிவிட்டு மிச்சத்தை விலங்கின் தசைக்குள் வைத்தார். எலும்பே இல்லாத அந்தத் தசைக்குள் புது எலும்பு முளைத்தது! எலும்பில் இருக்கிற ஒரு வகைப் புரதம் சாதாரணச் செல்லைக்கூட எலும்பு கட்டுகிற செல்லாக மாற்றுகிறது என்று பின்னால் தெரிந்தது. 2002ல் அந்தப் புரதத்தில் ஒன்றை முதுகுத்தண்டு ஆபரேஷனுக்குப் பயன்படுத்த அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

2004ல் ஜெர்மனியின் கீல் நகரத்து டாக்டர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். புற்றுநோயால் தாடை இழந்த ஒருவருக்கு, தாடை வடிவத்தில் ஒரு உலோக வலைக்கூடு செய்து, அதற்குள் இந்தப் புரதமும் அவருடைய எலும்பு மஜ்ஜையும் வைத்து, அதை அவருடைய முதுகுத் தசைக்குள்ளேயே 7 வாரம் வளர்த்தார்கள். பிறகு ரத்தக் குழாயோடு எடுத்துத் தாடையில் பொருத்தினார்கள். சொந்த முதுகையே நாற்றங்கால் ஆக்கிவிட்டார்கள்! பாருங்கள், அங்கேயும் கெட்டுப்போன இடத்தில் வளர்க்கவில்லை. நல்ல ரத்தம் ஓடுகிற இடத்தில் வளர்த்துக் கொண்டுவந்து நட்டார்கள்.

இது வழக்கமான வைத்தியமாக இன்னும் ஆகவில்லை. தவிர, செல்லை வளரச் சொல்கிற மருந்து மிச்சமிருக்கும் புற்றுநோய்ச் செல்லையும் வளரச் சொல்லிவிடுமோ என்ற பயம் இருக்கிறது. அதனால் 2002ல் அனுமதி பெற்ற அந்த மருந்தையே, புற்றுநோய்க் கட்டி இருக்கிற அல்லது எடுத்த இடத்துக்குப் பக்கத்தில் பயன்படுத்தக் கூடாது என்று எச்சரித்திருக்கிறார்கள். ஸ்டெம் செல் ஊசி போட்டால் தாடை வளரும் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் இதைக் கேளுங்கள்.

இடுப்பில் கரண்ட் வைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்துக்கொண்ட உறுப்பினர்கள் நம் குழுக்களில் நிறையப் பேர். அவர்களில் சிலருக்கு, கீழே விழாமலே இடுப்பு எலும்பில் மெல்லிய விரிசல் வரலாம். இடுப்பும் பிட்டமும் நடக்கும்போது வலிக்கும். "நோய் திரும்பிடுச்சோ" என்று தூக்கம் போய்விடும். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தெரியும். பெரும்பாலும் ஓய்விலும் மருந்திலும் ஆறக்கூடியது. எண்ணெய் போட்டு உருவி இழுக்கிறவரிடம் மட்டும் போகாதீர்கள், விரிசல் பெரிதாகிவிடும்.

கடன் கேட்டு வந்தால்

சங்கத்தில் மருத்துவக் கடன் கொடுப்பது நம் உரிமையும் பழக்கமும்தான். அதை நிறுத்தச் சொல்லவில்லை. கொடுக்கும் முன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு தடவை காட்டினார்களா என்று கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு இருக்கிறது. சேர்க்கப் போகிற ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சைக்கு அது செல்லுமா என்று அங்குள்ள காப்பீட்டுத் திட்ட அலுவலரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அட்டை இல்லாதவர்களுக்கு எடுத்துக்கொடுக்க கிராமச் சுகாதாரச் செவிலியரும் நம் கூட்டமைப்புப் பொறுப்பாளர்களும் உதவலாம்.

கரண்ட் முடிந்து வரும்போது ஆஸ்பத்திரியில் ஒரு காகிதம் தருவார்கள். எந்த இடத்தில், எத்தனை தடவை, எவ்வளவு கதிர் வைத்தார்கள் என்பது அதில் இருக்கும். பிற்பாடு எந்தப் பல் டாக்டரும் முதலில் கேட்பது அதைத்தான். வைத்த இடம் தாடையில் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து, சில பல்லைப் பயமில்லாமல் எடுக்கலாம், சிலதைத் தொடக் கூடாது. அந்தக் காகிதத்தை இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரேஷன் கார்டோடு வையுங்கள். தொலைத்துவிட்டவர்கள் கரண்ட் வைத்த ஆஸ்பத்திரியில் பழைய சீட்டு எண்ணையோ வைத்த வருடத்தையோ சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

கூட்டத்தில் பேசுவதற்கு: நம் குழுவில், நம் தெருவில் தலை, கழுத்துப் பகுதிக்குக் கரண்ட் வைத்துக்கொண்டவர் யார் யார்? அவர்கள் பல்லைக் கடைசியாக எப்போது டாக்டரிடம் காட்டினார்கள்? அந்தக் காகிதம் யாரிடம் இருக்கிறது? இந்தக் கூட்டத்துக்கு வராதவர் வீட்டுக்குப் போய் இதை வாசித்துக் காட்டுகிற பொறுப்பை யார் எடுத்துக்கொள்கிறீர்கள்? பெயரைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள், அடுத்த மாதம் வரும்போது கேட்பேன்.